சொந்த முகவரிக்காரர்

துணிக்கடையில் பில் போடும் பெண் "மெயில் ஐடி சொல்லுங்க சார்" என்று கேட்டதும், வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டால் பையைக் கீழே வைத்துவிடுவது நல்லது. பத்து நிமிஷம் ஆகும்.

"என் பேரு, அட், மறுபடியும் என் பேரு, டாட் இன்."

"அட் ஜிமெயிலா சார்?"

"இல்லம்மா. டாட் இன். அதோட முடிஞ்சுது."

"சரி சார். டாட் இன்... அட் ஜிமெயில் டாட் காம்."

"ஜிமெயிலே கிடையாதும்மா! அது என்னோட சொந்த டொமைன்."

"ஓ, சாரு சொந்தமா கம்பெனி வச்சிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் "இல்லை" என்று சொல்வதற்குள் ஒரு விநாடி தயங்குவார். அந்த ஒரு விநாடிக்காகத்தான் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார் என்பது என் கட்சி. பெயரில் ஒரு ழகரம் வேறு இருந்துவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். "இசட், எச்" என்று அவர் சொல்ல, அந்தப் பெண் 'எஸ்' என்று அடிக்க, மறுபடி முதலிலிருந்து.

இவர்கள் பிறவியிலேயே இப்படி இல்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி 1 ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தபோது முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்த கூட்டத்தில் நம்மவரும் ஒருவர். நிஜம் என்று தெரிந்து ஓடிப் போவதற்குள் அவர் பெயரை வேறொருவர் பிடித்துவிட்டார். பெயருக்குப் பின்னால் ஒரு 79-ஐ ஒட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. வாடகை வீடு, அதிலும் மாடிப்படிக்கு அடியில் கிடைத்த அறை. அந்த வடு ஆறவே இல்லை.

டொமைன் வாங்குவது ஐந்து நிமிஷ வேலை. முதல் வருஷத் தள்ளுபடியைப் பார்த்து வாங்குவார், அடுத்த வருஷம் கேட்கும் தொகையைப் பார்க்க மாட்டார். ஆனால் அஞ்சலை யாரிடம் வைப்பது என்பதற்கு மூன்று மாதம், ஓர் எக்செல் தாள், பத்துப் பொருத்தம். சென்னை ஜோஹோவா, கூகுளா, மைக்ரோசாஃப்டா, மெல்போர்ன் ஃபாஸ்ட்மெயிலா என்று அலசி, கடைசியில் சுவிட்சர்லாந்தின் புரோட்டானில் போய் நின்றார். "அந்த நாட்டுச் சட்டம் அந்தரங்கத்தை மதிக்குது சார்" என்றார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அவர் பத்திரப்படுத்திய அந்தரங்கம் இதுதான்: எல்ஐசி பிரீமிய நினைவூட்டல், சமையல் எரிவாயு ரசீது, மகனின் நீச்சல் வகுப்புக் கட்டணம்.

பிறகுதான் அசல் சடங்குகள். முதலில் எம்எக்ஸ் பதிவு, அதாவது இந்தப் பெயருக்கு வரும் தபாலை எந்த வாசலில் போடுவது என்ற அறிவிப்பு. 10, 20 என்று எண் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழா மாதிரி இல்லை, சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. அடுத்தது எஸ்பிஎஃப். 'கீழ்க்கண்டவர்களைத் தவிர வேறு யாரும் என் பெயரால் கடிதம் அனுப்ப அதிகாரமற்றவர்கள்' என்று நாளிதழில் வக்கீல் கொடுக்கும் விளம்பரத்தின் ஒருவரி வடிவம். இது ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்கலாம். நம்மவர் பாதுகாப்புக்காக இரண்டு வைத்தார், இரண்டும் செல்லாமல் போயின. டிகிம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் குத்தும் அரக்கு முத்திரை. டிமார்க் என்பது, முத்திரை சரியில்லாத கடிதத்தை விட்டுவிடுவதா, ஒதுக்கி வைப்பதா, வாசலோடு திருப்பி அனுப்புவதா என்ற உத்தரவு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் டிமார்க்கைக் கட்டாயமாக்கியதை அவர் பரபரப்போடு சொன்னார். அந்த விதி, கூகுள் கணக்குப்படி, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு. இவர் மாதத்துக்கு ஐந்து அனுப்புவார்.

எல்லாம் முடித்துவிட்டு, சினிமாவில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றி, "48 மணி நேரம் போகணும், அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். இந்தப் பதிவுகளெல்லாம் டிஎன்எஸ் வழியாக உலகம் முழுவதும் பரவ வேண்டுமாம். அவர் மனைவி, "ஏங்க, அதுவரைக்கும் கரண்ட் பில்லு எதுல வரும்?" என்றார். பதில் இல்லை.

பரவியது. முதல் மெயில் அவரே அவருக்கு அனுப்பியது. அன்று முதல் தவறாமல் கடிதம் எழுதுகிறவை இயந்திரங்கள் மட்டுமே: டிமார்க்கில் அறிக்கைக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டால் பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் 'உங்கள் பெயரில் நேற்று இத்தனை மெயில் வந்தது' என்று எக்ஸ்எம்எல் அறிக்கை அனுப்பும். அதை அவர் இட்லியோடு படிப்பார். "நேத்து ஒண்ணு போயிருக்கு. பாஸ்." மனிதர்களுக்கு எழுதினால் உடனே போனும் செய்தாக வேண்டும். "மாமா, மெயில் வந்துச்சா? ஸ்பாம்ல பாருங்க. பார்த்துட்டு 'நாட் ஸ்பாம்' குடுத்துடுங்க." மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு கடைக்கும் அந்தக் கடை பெயரிலேயே தனி முகவரி கொடுப்பது இவர்களின் இன்னொரு வித்தை. யார் முகவரியை விற்றார்கள் என்று கண்டுபிடிக்கலாமாம். கண்டும் பிடித்தார், ஒரு செருப்புக் கடை. பிடித்து என்ன செய்தார் என்று கேட்டேன். "தெரிஞ்சு வச்சிருக்கேன்" என்றார்.

இந்த ஜனவரியில் அவருடைய மெயில் திடீரென்று நின்றது. டொமைன் காலாவதி. நினைவூட்டல்கள் வந்திருக்கின்றன, அவரே போட்ட வடிகட்டி அவற்றை 'நிர்வாகம்' என்ற கோப்புறைக்குள் பத்திரமாகத் தள்ளிவிட்டது. புதுப்பிக்கலாம் என்று போனால் ஓடிபி வரும். எங்கே? காலாவதியான அதே முகவரிக்கு. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. அடையாள அட்டையின் நகலைக் கொடுத்து, நாலு நாள் மன்றாடி மீட்டார்.

மீட்டவுடன் முதல் வேலையாகப் பதிவுக் கணக்கின் தொடர்பு முகவரியை மாற்றினார். 79 என்று முடியும் அந்தப் பழைய ஜிமெயிலுக்கு. அவருக்கு அவசரமாக ஏதாவது அனுப்ப வேண்டுமானால் நீங்களும் அதற்கே அனுப்புங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.