துண்டுச்சீட்டு கேக்கப் போறவளுக்கு

வா தாயி. கையில பால்கோவா டப்பா, மூஞ்சியில வெக்கம். வேலை கெடைச்சிருச்சு போல. ஒக்காரு.

என்ன வேலைன்ன? "நிர்வாகம் மற்றும் கணக்கு அலுவலர்." அடேயப்பா! பேரு இந்த நீளம்னா சம்பளம் எந்த நீளம்னு நான் கேக்கமாட்டேன். ராஜபாளையத்துல பஞ்சுக் கமிசன் கடையில நாப்பது வருசம் கணக்கெழுதினவன் நான். அங்க எனக்குப் பேரே "கணக்கு"தான். "ஏ கணக்கு, காப்பிக்குச் சொல்லு"ம்பாரு மொதலாளி. சொல்லிட்டு வந்து அந்தக் காப்பியையும் செலவுல எழுதுவேன். அலுவலர்னு என்னய ஒரு ஈ காக்கா கூப்பிட்டதில்ல.

சரி, டிரஸ்டு என்ன செய்யுது? சாயங்காலம் புள்ளைகளுக்கு டியூசன், பொம்பளைகளுக்குத் தையல் வகுப்பு, மாசம் ஒருக்க வயசானவுகளுக்கு அரிசி. கமிட்டியில ஏழு பேரு, அதுல நாலு பேரு முன்னாள் தலைவரு. நல்ல டிரஸ்டாத்தான் தெரியுது. நல்லவுக கூடின எடத்துலதான் தாயி கணக்குக் கெட்டுப்போகும். திருட்டுக் கூட்டத்தப் பாரு, பைசா பிசகாமப் பங்கு பிரிப்பானுக. ஒருத்தன ஒருத்தன் நம்பமாட்டான்ல.

உனக்கு நல்லபேரு வேணுமா? அப்பன்னா நான் சொல்றபடி நட.

மொதல்ல, துண்டுச்சீட்டு கேக்காத. செயலாளர் மூச்சு வாங்க வருவாரு. "ஆட்டோவுக்கு முன்னூறு, டீக்கு நூத்திருபது, எழுதிக்கோம்மா"ம்பாரு. நீ பாட்டுக்கு எழுதிக்கோ. "சீட்டு இருக்கா சார்"னு வாயத் தொறந்தயோ, போச்சு. "என் கைக்காசு எம்புட்டு இதுல போயிருக்கு தெரியுமா, எங்கிட்டயேவா"ன்னு மனுசனுக்குக் கண்ணு கலங்கிரும். கலங்குறது நெசமாவே கலங்கும், அதுதான் சங்கடம். போனது அவரு கைக்காசுதான். ஆனா எம்புட்டுன்னு அவருக்கும் தெரியாது.

பொருளாளர் மக வீட்டுக்குப் போறப்ப செக் புஸ்தகத்துல பத்து இலையில கையெழுத்துப் போட்டு உங்கிட்டக் கொடுத்துட்டுப் போவாரு. வாங்கி வெச்சுக்க. ரெண்டு கையெழுத்து வேணும்னு பேங்க்ல எழுதிக் கொடுத்தாகளே, அது எதுக்குன்னு மட்டும் யோசிச்சுறாத.

அரிசிக் கடைக்காரருக்கு பதினெட்டாயிரம் ரொக்கமாக் கொடுக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாள்ல பத்தாயிரத்துக்கு மேல ரொக்கம் கொடுத்தா, அத தர்மச் செலவுன்னு வருமானவரி ஒத்துக்கிடாதுன்னு பி.காம்ல படிச்சிருப்ப. கமிட்டியில ஒருத்தரு அதுக்கு வழி சொல்லுவாரு: "பில்ல ரெண்டாக் கிழிச்சு ஒன்பது ஒன்பதாப் போடுங்க." தேதி ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்கும். அத அவரு கவனிக்கமாட்டாரு, ஆடிட்டர் கவனிப்பாரு. அப்ப எல்லாரும் உன்னயப் பாப்பாக.

மார்ச்சு வரைக்கும் தூங்கு. வருசத்து வருமானத்துல நூத்துக்கு எண்பத்தஞ்சு அந்தந்த வருசமே காரியத்துக்குச் செலவாகணும்னு சட்டம். அதனால பங்குனி பொறந்தாத்தான் நம்மாளுகளுக்கு தர்மசிந்தனை பொங்கும். பரீச்சை முடியப்போற நேரத்துல புள்ளைகளுக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்கி அடுக்குவாக. அடுத்த ஜூன்ல பாத்தா பாதிய எலி படிச்சு முடிச்சிருக்கும்.

இப்படியெல்லாம் நடந்துக்கிட்டா நீ தங்கமான புள்ளைன்னு பேரு வரும். ரெண்டு வருசத்துக்கு வரும்.

வேலைய வேலையாப் பாக்கணும்னா அதுக்கு நல்லபேரு கெடைக்காது, சொல்லிட்டேன். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரு பாத்திருக்கேல்ல? வடம் புடிக்க ஊரே வரும். சினிமாக்காரன்லருந்து மந்திரி வரைக்கும் வடத்தத் தொட்டுப் போட்டா எடுத்துக்கிடுவான். சக்கரத்துக்கு அடியில கட்டை போடுறவன யாரு படம் புடிக்கா? அவன் ஒருத்தன் அசந்தாத் தேரு ரதவீதிக் கடைக்குள்ள பூந்துரும். உன்னய முட்டுக்கட்டைன்னு கமிட்டியில ஒருத்தராச்சும் சொல்லாம இருக்கமாட்டாக. சொல்லட்டும், "ஆமாங்க சார்"னு சிரிச்சுட்டுச் சீட்டக் கேளு.

நான் தெனமும் பேப்பர் படிக்கப் போறேனே, பென்னிங்டன் நூலகம், அது 1875-ல ஆரம்பிச்சது. அப்ப நம்மூரு திருநெல்வேலி ஜில்லா. பென்னிங்டன் அங்க கலெக்டரு. பேருதான் வெள்ளக்காரன் பேரு, நடத்துறது கமிட்டி. நூத்தம்பது வருசம் எதனால நின்னுச்சுங்கிற? புஸ்தகத்தாலயா? புஸ்தகத்தக் கரையான் தின்னுரும். தலைமுறை தலைமுறையா எவனோ ஒரு சிடுமூஞ்சி ஒக்காந்து வரவு செலவு எழுதியிருக்கணும். அவன் பேரு கல்லுல இருக்காது. பின்ன அவனுக்கும் சேத்து யாரு கல்லு வெட்டுவா?

பழைய ஆளுக பில்லு இல்லாமயா தர்மம் பண்ணாகன்னு உங்க தலைவரு கேப்பாரு. நல்ல கேள்வி. விருதுநகர்ல காமராசர் படிச்ச சத்திரிய வித்தியாசாலை புடி அரிசியில நடந்த பள்ளிக்கூடம். வீட்டுக்கு வீடு ஒலை வெக்கும்போது ஒரு புடி அரிசி கலயத்துல போட்டு வெப்பாக. அத வாங்கிச் சேத்து வித்து வாத்தியாருக்குச் சம்பளம். வியாபாரிக மகமைன்னு வெச்சிருந்தாக. யாவாரத்துல இம்புட்டுக்கு இம்புட்டுன்னு பொதுவுக்கு எடுத்து வெக்கிறது. இந்த ஜில்லாவுல பள்ளிக்கூடமும் காலேசும் எழும்புனது பாதி அந்தக் காசுலதான். அதுக்கு வவுச்சர் கெடையாதுதான். ஆனா கலயத்தத் தூக்க வாரவன் பக்கத்து வீட்டுக்காரன். வழியில அரைப்படிய அவன் வீட்டுக்குத் திருப்புனா பொழுது சாயுறதுக்குள்ள தெருப்பூரா தெரிஞ்சுரும். தெருவே ஆடிட்டர். இப்ப உங்களுக்குப் பணம் கொடுக்குறவுக ஒருத்தரு கோயமுத்தூர்ல, ஒருத்தரு பெங்களூர்ல. அவுக எந்தத் திண்ணையில ஒக்காந்து பாப்பாக? அதனாலதான் காயிதம்.

காயிதம்னா கொஞ்சமா? 80ஜி ரசீது கொடுக்கணும். ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமாக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கெடையாதுன்னு வாங்கும்போதே சொல்லிரணும். வாங்கிட்டுச் சொன்னா சண்டை. யாரு யாரு எம்புட்டுக் கொடுத்தாகன்னு மே 31-க்குள்ள 10பிடி ஏத்தணும், ஒரு நாள் பிந்துனா இருநூறு ரூவா, நாளுக்கு நாள் இருநூறு. செப்டம்பர்ல ஆடிட் ரிப்போர்ட், அக்டோபர்ல ரிட்டன், அஞ்சு வருசத்துக்கு ஒருக்க 80ஜி புதுப்பிக்கணும். இதெல்லாம் 1961 சட்டத்து நம்பரு. 2026 ஏப்ரல் ஒண்ணுலருந்து 2025-ம் வருசச் சட்டம். நம்பரத் திரும்பப் படி. பழைய நம்பர மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கிற கமிட்டி ஆளு உன்னயத் திருத்துவாரு, பொறுத்துக்கோ.

வாசல்ல ஒரு உண்டியல் வெக்கலாம்னு ஒருத்தரு சொல்லுவாரு. ஆண்டாளுக்கு உண்டியல்ல யாரு போட்டான்னு கவலையில்ல. உங்க டிரஸ்டு கோயில் இல்லையே. பேரு தெரியாத காசு லட்சத்தயோ, மொத்த நன்கொடையில நூத்துக்கு அஞ்சையோ, எது பெருசோ அதத் தாண்டுனா, தாண்டுனதுக்கு முப்பது சதம் வரி. உங்க உண்டியல் லட்சம் காங்கிற மாதிரி எனக்குத் தெரியல. இருந்தாலும் வாரா வாரம் ரெண்டு பேரா நின்னு தொறந்து எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

நம்ம சிங்கப்பூரு சித்தப்பன் ஐம்பதாயிரம் அனுப்புறேன்னு துள்ளுவான். மொதல்ல அவன் பாஸ்போர்ட்டு என்ன நெறம்னு கேளு. நீலம்னா நம்ம நாட்டுக்காரன், அவன் சம்பாத்தியத்த பேங்கு வழியா வாங்கிக்கலாம். செவப்புன்னா அவன் அந்நியன். உன் காது குத்துக்கு மடியில ஒக்கார வெச்சவனா இருந்தாலும் அந்நியன்தான். வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், டெல்லி ஸ்டேட் பேங்குல கணக்கு வேணும். அவன்கிட்ட இத நீ சொல்லாத, உன் அப்பன விட்டுச் சொல்லச் சொல்லு. கல்யாணத்துக்கு வரணும்ல அவன்.

இன்னொண்ணு. அம்மா நினைவா லட்ச ரூவா கொடுத்து, "முதல் அப்படியே இருக்கட்டும், வட்டியில அரிசி போடுங்க"ன்னு எழுதிக் கொடுத்திருப்பாரு ஒரு புண்ணியவான். அதுக்கு இங்கிலீசுல நீ வேற பேரு வெச்சிருப்ப. சோழன் காலத்துக் கல்வெட்டுல அதுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. ஒரு நந்தா விளக்குக்கு தொண்ணூறு ஆடு, தொண்ணூத்தாறு ஆடுன்னு எழுதி வெச்சாக. ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. நெய்யி வந்துக்கிட்டே இருக்கணும். உங்க கமிட்டியில காம்பவுண்டு சுவரு எடுக்க அந்த டெபாசிட்ட ஒடைப்போம்னு ஒரு நாள் பேச்சு வரும். அன்னிக்கு நீ தலைய நிமித்தாம, "ஆட்ட அறுத்துக் கொழம்பு வெச்சுட்டா நாளைக்கு நெய்க்கு என்ன சார் பண்ணுவோம்"னு கேளு. கேட்டுட்டு அதத் தீர்மானப் புஸ்தகத்துலயும் எழுதிரு.

சம்பளத்த மட்டும் நானே பேசணும்னு நெனச்சேன். "சேவைக்குன்னு வந்துட்டு சம்பளமா"ம்பாக. கொடுக்குறவுகளும் அப்படித்தான், "என் காசு பூராம் புள்ளைகளுக்கே போய்ச் சேரணும்"பாக. வெளக்குக்கு எண்ணெய் ஊத்த ஆயிரம் பேரு வருவாக, திரி திரிக்கிறவளுக்குக் கூலி கொடுக்க மனசு வராது. கூச்சப்படாமக் கேளு. வாங்குனதுக்கு நீயும் கையெழுத்துப் போடு, உன் வவுச்சர நீயே பாஸ் பண்ணாத.

கடைசியா என் கதை. முப்பது வருசத்துக்கு முந்தி நம்ம தெருப் பொங்கலுக்கு நான்தான் பொருளாளர். பஞ்சுக் கடையில லட்சக்கணக்குல எழுதுறவன், இது எம்மாத்திரம்னு ஒரு தெனாவெட்டு. முடிச்சுப் பாத்தா நூத்தி நாப்பது ரூவா குறையுது. பந்தக்காரன், ரேடியோ செட்டு, மேளம், பூ, எல்லாத்தயும் ராத்திரி பூரா கூட்டுறேன், கழிக்கிறேன், நூத்தி நாப்பது எந்திரிக்க மாட்டேங்குது. மானப் பிரச்சனையாச்சே. உங்க அப்பத்தா அஞ்சறைப் பெட்டியில ஒளிச்சு வெச்சிருந்த காச எடுத்துப் பெட்டியில போட்டுட்டேன். விடிஞ்சு கணக்கு வாசிச்சேன், பைசா சுத்தம். எல்லாரும் கை தட்டுனாக.

உங்க அப்பத்தா சும்மா இருப்பாளா? கொழாயடியில, "தெருக் காசுக்கு எங்க வீட்டுக் காச அள்ளிப் போட்டுட்டாரு மனுசன்"னு பெருமையாத்தான் சொன்னா. சாயந்தரம் தெரு முடிவு கட்டிருச்சு: எடுத்தவன்தானே திருப்பி வெப்பான்!

மூணு மாசங் கழிச்சு, பொங்கலுக்குப் போட்ட சட்டையை வெளுத்துக் கொண்டாந்தாக. பையில கஞ்சியோட வெறைச்சுப்போய் ஒரு சீட்டு. அதுல ஒரு எழுத்துக் கூட இல்ல. அது பூக்காரன் சீட்டு, நூத்தி நாப்பது ரூவா, எனக்குத் தெரியும். வெள்ளக் காயிதத்தக் கையில வெச்சுக்கிட்டு யாருகிட்டப் போயி நிக்க? குறையுதுன்னா "குறைவு 140"ன்னே எழுதி வாசிச்சிருக்கணும். நாலு பேரு திட்டியிருப்பாக, சோத்தத் தின்னுட்டு மறந்திருப்பாக.

பால்கோவாவ அந்தப் பக்கம் தள்ளு, சக்கரை ஏறும். ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கிறேன்.

உன் டிரஸ்டுக்கு நானும் ஒரு மூவாயிரம் தரலாம்னு இருக்கேன். ரொக்கமா... சரி சரி, மொறைக்காத. பேங்குலருந்தே அனுப்பச் சொல்றேன். பான் கார்டா? அது அப்பத்தா டிரங்குப் பெட்டியில, பட்டுச் சேலைக்கு அடியில கெடக்கும். போயிக் கேட்டு வாங்கிக்க. எதுக்குன்னு கேட்டா மட்டும், ஓட்டுப் போடுறதுக்குன்னு சொல்லிரு.