பாதப் பிணிகளும் ஐந்திணைக் கோட்பாடும்: ஒரு முன்னாய்வு

எதை எடுத்தாலும் ஐந்திணைக்குள் அடக்கிவிடலாம் என்று நம் ஆய்வுலகம் எப்போதோ நிறுவிவிட்டது. சூழலியல் அடங்கிற்று, சமையல் அடங்கிற்று, மேலாண்மையும் அடங்கிற்று. பாதம் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. முன்னாய்வாளர்கள் குனிந்து பார்க்காததே காரணம்.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். காலில் முள் இருத்தல். போதும்.

குறிஞ்சிக்குக் கூடல். செருப்பும் விரலும் ஓயாமல் கூடிய இடத்தில் தோல் தடித்துக் கால் ஆணி ஆகிறது. பிளேடால் சீவினாலும் செருப்பை மாற்றாதவரை அது திரும்பத் திரும்ப வரும். மருந்துக்கடையில் விற்கும் கார்ன் கேப்பில் சாலிசிலிக் அமிலம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

மருதம் வயலும் வயல் சார்ந்த சேற்றுப்புண்ணும். நான்காம் விரலும் சுண்டுவிரலும் ஒட்டி உறவாடும் ஈரச் சந்தில்தான் பூஞ்சை குடியேறுகிறது. எனவே இங்கே ஊடலே மருந்து: துடைத்து, உலர்த்தி, இருவரையும் பிரித்து வைக்க வேண்டும். அரிப்பு நின்ற அன்றே க்ளோட்ரிமசோல் களிம்பையும் நிறுத்துவது நம் மரபு. புண் ஆறிய பிறகும் இரண்டு வாரமாவது தடவ வேண்டும்.

நெய்தலுக்கு இரங்கல். படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலிலிருந்து கிளம்பும் 'ஐயோ'. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த உள்ளங்கால் தசைநார் திடீரென்று இழுபடுவதால் வருவது. இறங்குமுன் பாதத்தில் துண்டை மாட்டிச் சற்று இழுத்துவிட்டால் குறையும். நெய்தலின் பொழுதான எற்பாடு பிற்பகலா விடியலா என்று புலவர்கள் மோதிக்கொண்டார்களே, குதிகால் விடியலுக்கு வாக்களிக்கிறது.

பாலைக்குத் தொல்காப்பியர் நிலம் ஒதுக்கவில்லை. பித்தவெடிப்பும் நிலமுள்ளவர், இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. உரிப்பொருள் பிரிதல்; தோல் தோலைப் பிரிகிறது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. காய்ந்து தடித்த தோல்மேல் உடம்பின் பாரம் இறங்க, குதிகால் பக்கவாட்டில் பிதுங்கி விளிம்பு வெடிக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு அதற்குத் தோதாக இடம் விடுகிறது. இதுவரை சச்சரவில்லை. எதில் தேய்ப்பது என்பதில்தான் ஆய்வுலகம் பிளவுண்டது. துவைகல்லே என்பது மூத்த மரபு (எதிர்வீட்டுப் பாட்டி, வாய்மொழி). அதுவும் துணிக்குச் சோப்பு போடுமுன் (மேற்படி பாட்டி, குழாயில் தண்ணீர் வந்த நாள் பதிப்பு). பிளாஸ்டிக் பிடி போட்ட பியூமிஸ் கல் போதும் என்பது மருமகள் பாடம். அது இடைச்செருகல் (மேற்படி பாட்டி, விரிவுரை, கொல்லைப்புறம், துவைகல்லின் தென்மேற்கு மூலை, பாசி படியாத பகுதி, இடுப்பில் கைவைத்து நிகழ்த்தியது). இதை ஒப்பிட்டே முனைவர் பட்டம் வாங்கலாம். இதைவிடச் சிறிய கல்லைத் தேய்த்து வாங்கியவர்கள் உண்டு. தேய்த்தபின் ஆவதை இரு தரப்பும் சொல்லவில்லை. கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்த காலில், ஈரம் முழுக்கக் காயுமுன் வாசலைனோ யூரியா கலந்த க்ரீமோ தடவி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ரத்தம் கசிந்தாலோ கால் மரத்திருந்தாலோ கல்லை விட்டுவிட்டு டாக்டரிடம் போவது நல்லது.

ஐந்துக்கும் வெளியே இரண்டு திணை மிச்சம். கைக்கிளை, சதையின் சம்மதம் கேளாமல் நகம் அதனுள் நுழைவது. நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டினால் காதல் அடங்கும். பெருந்திணையாவது எட்டாம் நம்பர் காலும் தள்ளுபடியில் கிடைத்த ஏழாம் நம்பர் ஷூவும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கியிருந்தால் இத்திணையே தோன்றியிராது.