எட்டு பார் சங்கீதம்

லண்டனில் 2025 மார்ச் 8-ஆம் தேதி இளையராஜா தம்முடைய 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினாரே, கைதட்டல் அவருக்கு, அடி எனக்கு. அப்போது அவருக்கு 81 வயது. "பாரு, கலைக்கு வயசே கிடையாது" என்று அந்தச் செய்தியைக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். பொர்ட் கிள்ளானில் ஆயுசு பூராவும் கொண்டெய்னர் எண்ணியவன், ரிட்டையர் ஆன கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஓர் இசைப் பள்ளியில் சனிக்கிழமை கம்போசிஷன் மாணவனாகிவிட்டேன். அதே செய்தி இப்போது வீட்டுக்காரி கையில். "உங்களை விட இருபது வயசு மூத்தவரு முழு சிம்பொனியே எழுதிட்டாரு. நீங்க இன்னும் எட்டு பாருலயே நிக்கிறீங்க."

பார் என்றால் ஒரு தாளக் கட்டம். எட்டு பார் என்றால் சும்மா இல்லைங்க. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலும் நாலு வழியில் போகணும், ஆனால் சண்டை போடக்கூடாது. அதிலே ஒரு சட்டம் இருக்கிறது. நம்ம தம்புராவில் கச்சேரி முடிகிறவரை சட்ஜமும் பஞ்சமமும்தான் குடும்பம் நடத்தும். மேல்நாட்டுக் கணக்கிலோ, இரண்டு குரல்கள் ச-ப தூரத்தை விடாமல் ஜோடியாக அடியெடுத்து வைத்தால் குற்றம். அப்படிப் போனால் இரண்டும் ஒரே குரலாகக் கேட்குமாம். ஆஸ்திரியக்காரர் ஃபுக்ஸ் 1725-இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டார். ஹைடன் அதை வைத்துக்கொண்டு தானாகவே படித்துத் தேறினாராம். குருவும் சிஷ்யனும் பேசிக்கொள்கிற மாதிரி எழுதிய புத்தகம். சிஷ்யன் தப்புத் தப்பாகப் போடுவான், குரு திருத்துவார். 300 வருஷம் கழித்தும் அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு பாசம்.

சட்டம் புரிய எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. என் மனைவியும் மாமியாரும் ஒரே சமயத்தில் பேசினால் எனக்கு ஒரு குரல்தான் கேட்கும். அந்தக் குரல் என்னைப் பாராட்டியதில்லை.

போன சனிக்கிழமை விடியுமுன் கம்ப்யூட்டரில் இசை எழுதும் மியூஸ்கோரைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் பாரிலேயே ஒரு சுரம் சிவந்துபோய் நின்றது. வயலினில் கீழ்க்கம்பி ஜி. அதற்குக் கீழே சுரமே கிடையாது, நான் எஃப் போட்டிருந்தேன். கோப்பி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சு போச்சா?" என்றாள். இரண்டாவது பாரில் கேஸ் தீர்ந்தது. கேஸ்காரனுக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் பேரனை டியூஷனில் விடணும். விட்டுத் திரும்பினால், மத்தியானம் தண்ணீர் நிற்கப் போகிறது, டிரம்மை நிரப்புங்கள் என்று உத்தரவு.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? டிரம் நிரம்ப நிரம்ப அதன் சத்தம் மேலே மேலே ஏறும். முதலில் செல்லோ மாதிரி அடித்தொண்டையில் உறுமும், பாதியில் வியோலா, கழுத்துக்கு வரும்போது வயலின். எந்தச் சுரத்தில் போய் நிற்கிறதென்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் குளியலறையைத் தாண்டி மாமியாரின் பூஜை அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்த் தடை நாளில் வெள்ளம் கொண்டுவந்த மனுஷன் கிள்ளானில் நான் ஒருவன்தான்.

இரண்டு பாரோடு கொமுட்டர் ஏறினேன். பாடாங் ஜாவா தாண்டியதும் மீதிப் பாட்டு மடமடவென்று வருகிறது, பையில் தாள் இல்லை! சட்டைப் பையில் கிடந்தது மனைவி கொடுத்த சாமான் சீட்டு. ஜாலான் தெங்கு கிளானாவில் கிடைக்காத சாமானா? ஆனால், "சும்மாத்தானே போறீங்க, வரும்போது பிரிக்பீல்ட்ஸ்ல வாங்கிட்டு வாங்க" என்பது அவள் கட்சி. என் வகுப்புக்கு அந்த வீட்டில் உள்ள ஒரே பயன் அதுதான். சீட்டின் பின்பக்கம் டச் அண்ட் கோ அட்டையை வைத்து ஐந்து கோடு இழுத்தேன். ரயில் குலுங்கியதில் கோடெல்லாம் கிள்ளான் ஆறு மாதிரி வளைந்தது. இளையராஜா வாத்தியத்தைத் தொடாமல் நேரே தாளில் எழுதுவாராம். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் சமம். கொமுட்டரில் வாத்தியம் கிடையாது. அங்காசாபுரி வந்தபோது எட்டு பாரும் ரெடி. ஒருநாள் மின்னல் எஃப்எம்மில் இது போகும் என்று, அந்த வானொலிக் கட்டடம் இருக்கும் திசையை ஒரு தரம் உரிமையோடு பார்த்துக்கொண்டேன்.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் என் கடைசிப் பையனை விடச் சின்னதுகள். வாத்தியாரும் அப்படித்தான், என்னை 'அங்கிள்' என்பார், நான் அவரைச் 'சார்' என்பேன். சீட்டைப் பியானோ மேல் வைத்து வாசித்தார். மூன்றாவது பாரில் ஒரு சிவப்பு வட்டம், ஐந்தாவதில் இரண்டு. ஜோடி பஞ்சமம். ஏழாவதில் கை நின்றது. "அங்கிள், இந்த ரெண்டு சுரம் பிரமாதம். எங்க பிடிச்சீங்க?"

அது கொமுட்டர் கதவு மூடும்போது அடிக்கிற மணி.

"தானா வந்துச்சு சார்" என்றேன். பொய்யில்லையே.

முழுசாகத் திருத்தித் தருகிறேன் என்று தாளை அவரே வைத்துக்கொண்டார். பாராட்டின மிதப்பில் ஜாலான் துன் சம்பந்தன்வரை நடந்து, பலகாரக் கடையில் ஒரு பொட்டலம் முறுக்கும் வாங்கிய பிறகுதான் சாமான் ஞாபகம் வந்தது. சீட்டு? வீட்டுக்குப் போன் அடிக்கத் தைரியம் இல்லை. வாத்தியாருக்கு அடித்தேன். "சார், அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பி வாசிக்க முடியுமா?"

"தலைகீழாகவா, அங்கிள்?"

"இல்ல சார், பின்பக்கம்."

அவர் வாசித்தார், பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தோடு. "வெற்றிலை ஒரு கட்டு. மல்லிகை மூணு முழம். அம்மாவுக்கு ஓமம். கறிவேப்பிலை, காசு கொடுக்காதீங்க, கேட்டாலே கொடுப்பாங்க. முறுக்கு வேண்டாம். அங்கிள், 'வேண்டாம்'க்குக் கீழே ரெண்டு கோடு போட்டிருக்கு."

வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன்.

"ஆன்ட்டி எழுதினதா? எது முதல்ல வரணும், எது எவ்வளவு, எங்க அழுத்தணும், எல்லாம் கச்சிதமா இருக்கே. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்."

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடுவாள்.