பின்னால் டிஸ்க் போடலாமா?

கேள்வி: கான்டஸா காரின் பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டினால், சட்டென்று நிற்குமா?
– வாசகர், அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

நிற்கும். எந்தத் திசையைப் பார்த்து நிற்கும்?

பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் வம்சத்தில் வந்தது கான்டஸா. 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். காரணம் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் பாரமெல்லாம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். பின்னால் வலுவான டிஸ்க்கை மாட்டிவிட்டு, அழுத்தத்தைப் பங்கிடும் வால்வைக் கவனிக்காமல் விட்டால், பாரம் குறைந்த பின்சக்கரங்கள் முதலில் இறுகிக்கொள்ளும். மழை ஈரச் சாலையில் வண்டியின் வால் சுழன்றுவிடும்.

ஹேண்ட்பிரேக் வேறு டிரம்முக்குள்ளேதான் குடியிருக்கிறது. அதற்கும் இடம் தரும் காலிப்பர் தேவை.

டிஸ்க்கிடம் நல்ல குணமும் உண்டு: சூடு சீக்கிரம் தணியும், கண்மாய்த் தண்ணீர் ஓடும் சாலையைக் கடந்தாலும் சட்டென்று உலரும். ஆனாலும் முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். லைனிங் தேய்ந்திருக்கிறதா? வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கிறதா? இரண்டையும் புதிதாக மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க்குக்குச் செலவழியுங்கள்.