சாப்பாட்டுக்குப் பின் ஒரு சர்வாதிகாரி

விருந்துக்கு அழைத்து, வடை பாயசத்தோடு சோறு போட்டு, வந்தவர்கள் கை கழுவித் திரும்புவதற்குள் ஹாலில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டுவிட்டு, "டீம் பிரிச்சாச்சு, எல்லாரும் வாங்க" என்று கைதட்டும் வீட்டுக்காரர் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒருவராவது தேறுவார். டம்ப் ஷராட்ஸ் நடத்துவது அவருக்கு ஒரு விரதம். ஒருவர் வாய் திறக்காமல் படத்தின் பெயரை நடித்துக் காட்ட வேண்டும். அவருடைய அணி கண்டுபிடிக்க வேண்டும். எதிரணி சிரிக்க வேண்டும். இவரைக் குஷிப் பேர்வழி என்கிறார்கள் உறவினர்கள். சினிமாப் பைத்தியம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. இவர் பயந்த மனிதர். பத்துப் பன்னிரண்டு உறவுக்காரர்கள் வயிறு நிறைந்து, மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர். அந்த வாய்களை அடைக்க இவருக்குக் கிடைத்த ஒரே சாத்வீகமான வழி இந்த விளையாட்டு.

சந்தேகம் இருந்தால் இவர் கைதட்டும் நேரத்தைக் கவனியுங்கள். நம் வீடுகளில் விருந்துக்குப் பிந்தைய பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். முதலில் ரசம் பிரமாதம். பிறகு சர்க்கரை அளவு, முழங்கால், எந்த டாக்டர் கைராசிக்காரர். அங்கிருந்து ஃபிளாட் என்ன விலைக்கு வாங்கினீர்கள், லோன் எத்தனை வருஷம். இதுவரை சேதமில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்ன மௌனம் விழும். யாராவது ஒரு பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி "அப்புறம்..." என்று இழுப்பார். அந்த "அப்புறம்" பையனின் ஜாதகத்தில் இறங்கலாம், மருமகளின் வேலையில் இறங்கலாம், ஊரில் இன்னும் பிரிக்காத நிலத்திலும் இறங்கலாம். சரியாக அந்த இடத்தில்தான் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு இவர் எழுந்து வருவார். உள்ளே நாலாக மடித்த சீட்டுகள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முந்தைய இரவே எழுதி, ஒரே அளவில் ஸ்கேல் வைத்துக் கிழித்தவை. விளையாட்டுப் பிரியன் விளையாட்டை அந்த நேரத்து உற்சாகத்தில் தொடங்குவான். முதல் நாளே சீட்டு கிழித்து வைப்பவன் ஏதோ ஆபத்தை எதிர்பார்க்கிறவன்.

பேச்சைத் தடுப்பதுதான் நோக்கமென்றால் டிவியைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. டிவி ஓடும்போது நம்மவர்கள் அதைவிடச் சத்தமாகப் பேசுவார்களே தவிர பேச்சை நிறுத்த மாட்டார்கள். அந்தாட்சரியில் பாடத் தெரிந்த இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மூலையில் ஒதுங்கி நிலத்துக்கே போய்விடுவார்கள். சீட்டாட்டத்தில் பணம் வரும், பணத்தோடு பழைய கைமாற்றுக் கணக்கும் வரும். தம்போலாவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அது தாராளம். டம்ப் ஷராட்ஸில் மட்டும்தான் நடுவில் நிற்பவர் பேசினால் குற்றம், மற்றவர்கள் படப்பெயரைத் தவிர வேறெதைச் சொன்னாலும் நேரவிரயம். உறவினர்களுக்கு 144 தடையுத்தரவு போட்டு, அவர்களைக் கைதட்டவும் வைப்பது லேசான காரியமா?

சீட்டில் இவர் எழுதும் பெயர்கள் அடுத்த சாட்சி. 'ஈ', 'ஐ' போன்ற ஓரெழுத்துப் படங்கள் இவருக்கு ஆகாது. அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' மாதிரி நீண்டவைதான் வேண்டும். 2013இல் வந்த 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா' இவருக்காகவே எடுக்கப்பட்ட படம் என்று தோன்றும். 'இதற்குத்தானே' என்பதை எந்தக் கையால் காட்டுவது? ஆசையைக் காட்டினாலும் பாலகுமாரனை எங்கே போய்ப் பிடிப்பது? நேரம் போவதுதானே இவருக்கு வேண்டும். பரதம் கற்ற அண்ணன் மகளை முதல் ஆளாக அனுப்புவதும் இதே கணக்கில்தான். அபிநய தர்ப்பணம் சொல்லும் 28 ஒற்றைக் கை முத்திரைகளும் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படி. அணியில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் அலபத்மம் பிடித்துத் தாமரையைக் காட்டினால் "காலிஃபிளவர்!" என்று கத்துவார்கள். குழந்தைகளுக்காகத்தான் இதையெல்லாம் நடத்துகிறார் என்று இவர் மனைவியே சமாதானம் சொல்வதுண்டு. குழந்தைகளுக்காக என்றால் டப்பாவில் பெரும்பாலானவை 1986க்கு முந்தைய படங்களாக இருக்க நியாயமில்லை.

அந்த 1986ஐச் சேர்ந்த 'சம்சாரம் அது மின்சாரம்' சீட்டு சித்தப்பா கையில் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று விரல் காட்டுவார்: மூன்று சொல். மூன்றாவது சொல் என்று சைகை செய்துவிட்டு, ஆள்காட்டி விரலால் காற்றில் எதையோ தொட்டு, உடம்பு முழுக்க உதறி, கண்ணை உருட்டி, சோபாவில் சரிவார். "ஷாக்!" "பேய்!" "வலிப்பு, சாவியைக் கொடுங்க!" பொறுமையிழந்த சித்தப்பா எழுந்து சுவிட்ச் போர்டைத் தொடப் போவார். வீட்டுக்காரர் பாய்ந்து குறுக்கே நிற்பார். "சித்தப்பா, வீட்டுல இருக்குற பொருளைக் காட்டக் கூடாது. ரூல்." இதற்குள் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் மனைவி, கரண்டியும் கையுமாக வாசலில் எட்டிப் பார்த்து, ஒரே பார்வையில் சரியான விடையைச் சொல்லிவிடுவார். செல்லாது. அவர் எந்த அணியிலும் இல்லை. அவரை அணியில் சேர்க்காததற்கும் காரணம் உண்டு: அவர் ஆடினால் ஆட்டம் அரைமணியில் முடிந்துவிடும். பஜ்ஜியும் வராது.

மௌனம் வேண்டும் என்றால் இவ்வளவு கூச்சல் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். மாடி வீட்டுக்காரர் இன்டர்காமில் கூப்பிடும் அளவுக்குச் சத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் இவருக்குப் பகை பேச்சுதான், சத்தமல்ல. தமிழர்கள் மௌனத்தை மௌனமாகப் பார்த்த வழக்கமே கிடையாது. ஊமைப்படம் ஓடிய காலத்திலேயே திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கதை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். 1931இல் 'காளிதாஸ்' வந்த பிறகுதான் திரையே பேச ஆரம்பித்தது. பத்து பேர் "அலைகள்!", "கடல்!", "மீனவ நண்பன்!" என்று தொண்டை கிழியக் கத்தும்போது, உங்கள் பெண்ணுக்கு இன்னும் ஏன் முடியவில்லை என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஓர் ஆட்சேபத்தை மட்டும் லேசில் தள்ள முடியாது. வாய் மூடினால் ரகசியம் கையில் வழியும் என்பது அது. இந்த விளையாட்டு 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் சொல் விடுகதையாகப் பிறந்து, பின்னர் இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்கு நடிப்பாகப் போனது. 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலில் பெரிய மனிதர் ராச்செஸ்டர் விருந்தினருக்கு நடித்துக் காட்டுகிறார்: முதலில் கல்யாணக் காட்சி, அடுத்து கிணற்றடி, கடைசியில் விலங்கு பூட்டிய கைதி. முறைப்படி மணந்த மனைவியை அதே வீட்டின் மேல்மாடியில் பூட்டி வைத்திருப்பவர் அவர். விருந்தினர் விடையைக் கண்டுபிடித்தார்கள், வீட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நம் உறவினர்கள் அவ்வளவு அப்பாவிகளல்ல.

நம்மவரின் திட்டம் ஆட்டம் காண்பது இரண்டாம் சுற்றில். அதில் சீட்டுகளை அந்தந்த அணியே எதிரணிக்கு எழுதித் தரும். தணிக்கை இவர் கையை விட்டுப் போய்விடும். ஊரில் மூன்று ஏக்கருக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி எதிரெதிர் அணியில் இருந்தால் முதல் சீட்டு என்னவாக இருக்கும்? 'பாகப்பிரிவினை'. 1959 படம், யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணன் காற்றில் நீளமாக ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் இவ்வளவு என்று கைவிரிப்பார், அந்தப் பக்கம் சுண்டுவிரல் நுனியைக் காட்டுவார். அணி முழுக்க ஒரே குரலில் விடை சொல்லும். ஒரு நொடிகூட ஆகாது. அடுத்த சீட்டு அண்ணனின் அணியிலிருந்து தம்பிக்குப் போகும்: 'பங்காளி'. அதற்குத் தம்பி தரப்பின் பதில் மனு: 'சட்டம் ஒரு இருட்டறை'. மறுபடியும் அண்ணன் தரப்பு: 'நீதிக்குத் தண்டனை'. ஆக, நிலம் வந்தேவிட்டதே, இவர் தோற்றாரே என்பீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேச்சாக வந்திருந்தால் இதற்குள் யாராவது செருப்பை மாட்டியிருப்பார்கள், பெண்கள் பையை எடுத்திருப்பார்கள். இங்கே இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் வேர்க்க வேர்க்க நடித்துக் காட்டியிருக்கிறார்கள், சுற்றியிருந்தவர்கள் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டுமென்றால் சென்சார் சான்றிதழ் வாங்கிய படமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கடைசிவரை நின்றிருக்கிறது. ஐந்தாவது சீட்டுக்குத் தம்பி பேனா கேட்கும்போதுதான் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது, ஆட்டம் டிரா, எல்லாருக்கும் ஐஸ்கிரீம் என்று அறிவிப்பார். ஐஸ்கிரீம் அப்போது கடையில்தான் இருக்கும். வாங்கிவர அண்ணன் தம்பி இருவரையும் ஒரே ஸ்கூட்டரில் அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாமென்று தானே செருப்பைத் தேடுவார்.