காதுக்குள் கச்சேரி

கேள்வி: கொஞ்ச நாளாகக் காதில் ‘ங்ஙொய்’ என்று இரைச்சல். எவர்சில்வர் தட்டைக் கீழே வைத்தாலே நாராசமாக இருக்கிறது. நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சத்தம் குறைந்தால், உள்ளே இருக்கும் வித்வான் மைக் வைத்துப் பாட ஆரம்பித்துவிடுவார். சத்தம் மறந்த காது, அப்புறம் டம்ளர் உரசினாலே துள்ளும். ராத்திரி ஃபேனை ஓடவிடுங்கள், இரைச்சல் கொஞ்சம் அமுங்கும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் குறும்பியாகக்கூட இருக்கலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் அன்றைக்கே ஓடுங்கள்.

பீத்தோவனுக்கும் இதே தொல்லைதான். இரவும் பகலும் காது இரைகிறது, யாராவது கத்தினால் தாங்கவில்லை என்று 1801-இல் நண்பருக்கு எழுதினார். ஐந்தாம் சிம்பொனி அதற்கப்புறம், 1808-இல் அரங்கேறியது. உங்களிடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. டாக்டரிடம் போனால் போதும்.