அண்ணாச்சி கடையில் வீகனார்

மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் முன்பெல்லாம் இரண்டே ரகம். விலையைப் பார்ப்பவர், காலாவதித் தேதியைப் பார்ப்பவர். இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கைப்பேசி டார்ச்சை அடித்து, பாக்கெட்டை மூக்கு முட்டப் பிடித்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை உதடு அசையப் படிப்பார். பாதியில் முகம் சுருங்கும். ரஸ்க்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். பின்னால் கால் கிலோ புளிக்காக நிற்கும் மாமி, "என்னப்பா, பூச்சி கீச்சி இருக்கா?" என்று கவலையாகக் கேட்பார். "பால் பவுடர் இருக்கு ஆன்ட்டி" என்பார் இவர். பூச்சி இருந்திருந்தால்கூட இவ்வளவு மனம் உடைந்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

இவர்தான் வீகனார். வேளச்சேரி, மடிப்பாக்கம், துரைப்பாக்கம் பக்கங்களில் அதிகம் தென்படுவார். வயது முப்பதுக்கு முன்னே பின்னே. கணினி வேலை. தோளில் துணிப்பை. காலில் இருக்கும் செருப்பு தோல் செருப்பு இல்லை என்பதை நாம் கேட்காமலே சொல்லிவிடுவார். கறியும் மீனும் எப்போதோ போயாயிற்று. பால், தயிர், நெய், முட்டை, தேன் எல்லாமும் அதன் பின்னாலேயே போய்விட்டன.

காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிட்டு வருவது நம் பெரியவர்களின் வழக்கம். அதிலும் பாகற்காய், கொய்யா என்று வீட்டில் யாரும் சீந்தாததாகப் பார்த்துத்தான் விடுவார்கள். விட்ட பிறகு, பாகற்காய் மாதிரியே கசக்கும், ஆனால் பாகற்காய் இல்லாத ஒன்று கிடைக்குமா என்று யாரும் கடை கடையாய் ஏறி இறங்கியதில்லை. வீகனாரின் துறவு அப்படிப்பட்டதல்ல. துறந்த ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு மாற்று வேண்டும். பால் இல்லாத பால், நெய் இல்லாத நெய், பனீர் இல்லாத பனீர். அதுவும் இன்று சாயங்காலத்துக்குள், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்.

கறிக்கடை அவருக்குப் பிரச்சினையே இல்லை. அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். பச்சைப் புள்ளிதான் அவரை ஏமாற்றிவிட்டது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்று நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். ஆனால் சட்டத்தின் கணக்கில் பாலும் பால் பொருள்களும் சைவம். தேன் சைவம். தேன்மெழுகு சைவம். அரக்குப் பூச்சி சுரக்கிற அரக்கும் சைவம்தான். சில மிட்டாய்கள் கண்ணாடியாய் மின்னுகின்றனவே, அந்தப் பூச்சு பல நேரங்களில் இந்த அரக்குதான். பட்டியலில் 904 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். வைட்டமின் டி3 சேர்த்தது என்று பெருமையாகப் போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுத்ததாக இருக்கும். சொந்தத் தம்பியின் பிறந்தநாள் மறந்துபோகும் வீகனாருக்கு இந்த எண்களெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அவர் படும் பாட்டைப் பார்த்து இரங்கியோ என்னவோ, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 செப்டம்பரில் வீகன் உணவுக்கென்றே ஒரு முத்திரையை அறிமுகப்படுத்தியது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து, அதிலிருந்து துளிர்க்கும் ஓர் இலை. மறு வருஷம் விதிகளும் வந்துவிட்டன. அன்றிலிருந்து வீகனார் அந்த இலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, இலை போட்ட பாக்கெட் ஏதாவது இருக்கா?"

"வாழை இலை காலையிலேயே தீந்துபோச்சு தம்பி. வெத்தலை இருக்கு. பிரிஞ்சி இலை இருக்கு."

"அது இல்ல அண்ணாச்சி. மாடு, ஆடு, கோழி, தேனீ எதுலேர்ந்தும் எடுக்காத பொருளா வேணும்."

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எதற்கும் பதறாதவர். உளுந்து மூட்டை, துவரம்பருப்பு மூட்டை, தொங்குகிற வடகம், நல்லெண்ணெய், வற்றல், கருப்பட்டிச் சிப்பம், அவல், வேர்க்கடலை என்று கடையை ஒரு சுற்று பார்த்தார். "அப்ப இந்த பிரிட்ஜையும், அந்த முட்டை அட்டையையும், ரெண்டு தேன் பாட்டிலையும் தவுத்து மிச்சக் கடை பூராவும் அதுதான தம்பி?" என்றார்.

வீகனாருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பிஸ்கட் அலமாரி ஒன்றை அண்ணாச்சி மறந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் வீகனாரின் வருத்தம் அதில் இல்லை. அவருக்கு வேண்டியது வீகனுக்கென்றே செய்தது. அட்டையில் எழுதியிருக்க வேண்டும். "துவரம்பருப்புல பால் இல்லேன்னு எவன் தம்பி எழுதுவான்?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. வரலாற்றுக்குப் போய்விட்டார். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற தச்சுவேலை ஆசிரியர் சில நண்பர்களோடு சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்கியது, அதன் நினைவாக இன்று நவம்பர் 1-ஆம் தேதியை உலகமே கொண்டாடுவது எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாச்சி கடலைப்பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நாப்பத்திநாலுலயா? அப்போ எங்க ஊர்ல முக்காவாசிப் பேரு அந்தக் கட்சிதான் தம்பி. பால் வாங்க ஏது துட்டு?"

இந்த இடத்தில் வீகனாருக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அவர் ஏன் மாறினார் என்று கேட்டால் சிரிப்பு வராது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் கறக்கிற வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. தாத்தா ஊரில் சின்ன வயசில் அதைப் பார்த்தாராம். பசு அந்தத் தோலை நக்கியதையும் பார்த்தாராம். இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்தி. ஆட்டு ரோமத்துக் கொழுப்பைப் பற்றி வாரம் ஒரு முறை பிரசங்கம் செய்கிறவர் இதை ஏன் பொத்திவைத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. சொன்னால் அண்ணாச்சியே கேட்டுக்கொள்வார்.

கொள்கைக்கு உண்மையான சோதனை காலை ஆறு மணிக்கு வருகிறது. மற்ற எதையும் விட்டுவிடலாம். பில்டரில் இறங்கிய முதல் டிகாக்ஷனை என்ன செய்வது? சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவந்த பாதாம் டப்பாவைத் திறந்து ஊற்றினார். அந்தக் காசுக்கு நாலைந்து லிட்டர் மாட்டுப்பால் வாங்கியிருக்கலாம். பாதாம் என்ற பெயரில் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். டிகாக்ஷனின் சூடும் புளிப்பும் சேர்ந்ததும் அது திரிதிரியாகப் பிரிந்து நின்றது. எட்டிப் பார்த்த அம்மா, "பனீர் பண்றியாடா?" என்றார். மறுநாள் சோயா ஊற்றினார்; அதுவும் திரிந்தது. ஓட்ஸ் மட்டும் திரியவில்லை, ஆனால் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சியில் யாரோ காப்பித்தூளைக் கொட்டிவிட்ட ருசி. அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "பழகிடும்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, அறையில் வேறு யாரும் இல்லை.

அந்த டப்பாக்களில் 'பால்' என்று எழுதக் கூடாது என்பது ஆணையத்தின் கண்டிப்பு. பாதாம் பானம், ஓட்ஸ் பானம் என்றுதான் போட வேண்டும். காலகாலமாக வழங்கிவருவதால் தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் நாம் ஊற்றிக்கொண்டதற்கு அரசாங்கமே தலைவணங்கிய மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது. வீகனாரோ அதைப் பொருட்படுத்தவில்லை. தேங்காய்ப்பால் அவருக்கு மாற்றாகத் தெரியவில்லை, அது வெறும் தேங்காய்ப்பால். "அதையே சொதியா வையுங்க தம்பி. எங்க ஊர்ல மாப்பிள்ளை விருந்துக்கு அதுதான். மூணு பாலு எடுத்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு, தொட்டுக்க இஞ்சித் தொவையல். ஒரு சொட்டு மாட்டுப்பால் தேவையில்ல" என்று அண்ணாச்சி நாக்கில் எச்சில் ஊறச் சொன்னார். வீகனார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "தோஃபு வருமா?" என்று கேட்டார்.

வீட்டில் அம்மாவோடு நடப்பது தனிக்கதை. அம்மாவுக்குப் பால் புரிகிறது, தயிர் புரிகிறது. நெய் மட்டும் புரியவில்லை. நெய் என்பது அவருக்கு உணவுப்பொருளே அல்ல, பாசம். ரசத்துக்கு நெய்யில் தாளித்துவிட்டு, "ஒரு ஸ்பூன்தாண்டா, வாசனைக்கு" என்பார். பழநியிலிருந்து பக்கத்து வீட்டார் பஞ்சாமிர்த டப்பா கொண்டுவந்து கொடுத்தபோது வீகனார் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் வரைக்கும் முகம் மலர்ந்திருந்தது. அடுத்தது நெய். அதற்கடுத்தது தேன். "முருகன்கிட்டயே லேபிள் பாக்கிறியா?" என்று அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. மாமா ஒருவர் இருக்கிறார். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக மணலில் படுத்தவர். மருமகன் பால் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டதும் அவர் போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்று: "நீ பீட்டாவாடா?"

வீகனார் மனம் நிறைந்து நிற்கும் ஒரே இடம், தரம் கெட்ட தின்பண்டக் கடை. நாமெல்லாம் 'நெய் மைசூர்பாகு' பலகையைப் பார்த்து, சுத்தமான நெய்தானா என்று சந்தேகத்தோடு கேட்போம். அவர் கண்ணில் நம்பிக்கை ஒளிர, "டால்டாதானே? உண்மையைச் சொல்லுங்க, நெய் கலக்கலையே?" என்று கேட்பார். நாற்பது வருஷமாகத் தொழில் செய்யும் முதலாளி இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. ஆமாம் என்றால் பெயர் கெடும், இல்லை என்றால் வியாபாரம் போகும். கிரீம் பிஸ்கட்டுகள் பலவற்றில் கிரீமே இல்லை, சர்க்கரையும் பாமாயிலும்தான் என்று தெரிந்த அன்று அவர் அடைந்த ஆனந்தத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏழைகளை ஏமாற்றச் செய்ததெல்லாம் இவருக்குப் பிரசாதமாகிவிட்டது.

டால்டா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1937-இல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்த மஞ்சள் டின், மரப் படம் போட்ட டின், நம் வீகனார் கேட்கிற அதே நெய்யில்லாத நெய்தான். அன்று அதைக் கண்டு குடும்பங்கள் நடுங்கின. நெய்யில் அதைக் கலந்துவிடுவார்கள் என்ற பயத்தில், கலந்தால் சோதனையில் காட்டிக்கொடுக்கும்படி வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நெய்க்காரனிடம் பாட்டி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்து, "டால்டா கலந்திருக்கே" என்று விரட்டியடித்தார். பேரன் இன்று 'தாவர நெய்' என்று கண்ணாடி ஜாடியில் வருவதைப் பசு நெய்யைவிட அதிக விலை கொடுத்து வாங்கிவந்து, தேய்த்து மோந்து பார்த்து, நெய் வாசமே வருகிறதென்று மகிழ்கிறார். பாட்டி இருந்திருந்தால் ஜாடியோடு விரட்டியிருப்பார்.

ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போனார் வீகனார். போய் இறங்கியதும் கைப்பேசியை எடுத்து, அருகில் வீகன் கபே இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று வந்தது. சோர்ந்துபோய் ஒரு தள்ளுவண்டியை ஒட்டி நின்றார். வண்டியில் பித்தளைப் பானை, பானையில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, அரிசிமாவு கரைத்து, கருப்பட்டிப் பாகு விட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காய்த் துருவல் தூவிக் கொடுப்பது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று சூடாகக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர், "தம்பிக்கு ஒரு பருத்திப்பால்?" என்றார். பால் என்ற சொல் காதில் விழுந்ததும் வீகனார், "இல்லண்ணே, நான் பால் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவைப் பத்தாக நீட்டித் தேடத் தொடங்கினார்.

அண்ணாச்சி மட்டும் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளரைத் திருத்த நினைப்பவன் வியாபாரி இல்லை என்பது அவருக்குத் தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரித் தட்டைத் துடைத்து, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'வீகண் பொருள் கிடைக்கும்' என்று எழுதி, ஓரத்தில் ஒரு வெற்றிலையும் வரைந்தார். தட்டில் கோவில்பட்டி கடலைமிட்டாய், எள்ளுருண்டை, கருப்பட்டி, நல்லெண்ணெய், மீல் மேக்கர். எல்லாம் நேற்றுவரை பின்வரிசையில் தூசி படிந்து கிடந்தவைதான். பத்து ரூபாய் கூட. வீகனார் பார்த்ததும் படம் எடுத்தார், நண்பர்களுக்கு அனுப்பினார், பை நிறைய வாங்கினார். "மாற்றம் வருது அண்ணாச்சி" என்றார், தழுதழுத்த குரலில். அந்த வாரமே துரைப்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து எள்ளுருண்டை கேட்டார்கள்.

சில மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் வீகனார் பெருங்காய டப்பாவைத் திருப்பி, டார்ச் அடித்து நீண்ட நேரம் நின்றார்.

"அண்ணாச்சி, இதுல பாருங்க. கோதுமை மாவு சேர்த்திருக்கான்."

"ஆமா, கூட்டுப் பெருங்காயத்துல மாவு போடத்தான செய்வான். கோதுமை எந்த மாட்டுலேந்து வருது தம்பி?"

"அது இல்ல அண்ணாச்சி. அது வேற, இது வேற. குளூட்டன். போன வாரத்துலேர்ந்து விட்டுட்டேன். குளூட்டன் இல்லாததா ஏதாவது இருக்கா?"

அண்ணாச்சி அரிசி மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, கடைப் பையனைக் கூப்பிட்டார்.

"ஏலேய், அந்த அட்டையில கீழ இன்னொரு வரிக்கு எடம் கெடக்கான்னு பாரு."